மழைக்கு ஒதுங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடையும் கம்பளியும் விற்கிற கடையை முப்பத்தோரு வருஷம் நடத்தினேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். கடைவீதியில் சும்மா நிற்கிறவர்களால் வியாபாரத்துக்கு என்ன ஆகிறது என்று பேசச் சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குடைக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கிவிட்டு, ஒரு குடைகூட வாங்காமல் போகிறவர்களை என்னைவிட அதிகம் பார்த்தவர் இந்த மலையில் யார்?

ஊட்டிக்கு ஆடி மழை என்றால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சில சமயம் நாலு நாள் விடாது. அப்போது என் கடைத் தகரக் கூரைக்கடியில் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். வாங்க வருகிறவருக்கு உள்ளே நுழைய வழி இருக்காது. தொங்கவிட்ட ஸ்வெட்டரை ஈரக்கையால் தடவிப் பார்ப்பார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிடும். ஒரு வருஷம் கோபத்தில், படியில் யாரும் உட்கார முடியாதபடி இரும்புக் கம்பி அடித்தேன்.

அடித்த பிறகுதான் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்தும், மேலே ஹட்டி என்கிற படகர் ஊர்களிலிருந்தும் சாமான் வாங்க வந்தவர்கள். பஸ் ஒன்றை விட்டுவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், சில ஊருக்கு அதற்கும் மேலே. காலடியில் அரிசிப் பை, இடுப்பில் குழந்தை. எங்கே போய் நிற்பார்கள்? சரிவை வெட்டிக் கட்டிய ஊர் இது. மைதானமா, மரத்தடித் திண்ணையா இருக்கிறது? நடைபாதை என்பது ரோட்டோரம் ஒரு முழம். இவர்களை வெட்டியாய் நிற்கிறார்கள் என்று பிடிப்பதானால், முதலில் பஸ் நேரப் பலகையைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும்.

கம்பி அடித்ததும் கூட்டம் பக்கத்து டீக்கடைக்கு நகர்ந்தது. அவர் விவரமானவர். ஒரு பெஞ்சை இழுத்து வாசலில் போட்டார். உட்கார்ந்தவர்கள் டீ குடித்தார்கள், வர்க்கி வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்தார்கள். எனக்கோ, போணியாவதற்கே மத்தியானம் ஆயிற்று. நின்று நின்று அலுத்துப்போகிறவர்தான் கடைசியில் "அந்தக் கறுப்புக் குடை என்ன விலை?" என்று கேட்கிறவர் என்பது அப்போது உறைத்தது. கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அந்தத் துளைகள் படியில் இன்னும் இருக்கின்றன.

எல்லாரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. இருட்டியதும் குடித்துவிட்டு வந்து படியில் உட்காருகிற நாலைந்து பேர் உண்டு. அவர்கள் யாரையும் அடிக்க வேண்டாம், சத்தமாகப் பேசினாலே போதும். பெண்கள் எதிர்சாரிக்கு இறங்கி நடந்துவிடுவார்கள். ஆறு மணிக்கு மேல் கம்பளி வாங்க வருகிறவர்களில் பெண்கள்தானே அதிகம்? அந்த நஷ்டம் நிஜம்.

வியாபாரிகள் கூட்டத்தில் ஒருவர், "போலீஸை விட்டு எல்லாரையும் விரட்டச் சொல்லுங்கள்" என்றார். வக்கீலாக இருக்கும் என் மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னாள். 1992-இல் சிகாகோ நகரத்தில் ஒரு சட்டம் போட்டார்களாம். ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவன் என்று போலீஸ் நினைக்கிற ஒருவனோடு, காரணம் தெரியாமல் யார் நின்றாலும் கலைந்துபோகச் சொல்லலாம், போகாவிட்டால் கைது. மூன்று வருஷத்தில் 42,000-க்கும் மேற்பட்ட கைதுகள். 1999-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எது குற்றம் என்று தெளிவாகச் சொல்லாமல், யாரை விரட்டுவது என்பதைப் போலீஸ் இஷ்டத்துக்கு விட்டுவிட்ட சட்டம் என்பது காரணம். சரிதானே? பஸ்ஸுக்கு நிற்கிறவர் நெற்றியில் "பஸ்ஸுக்கு நிற்கிறேன்" என்று எழுதியா ஒட்டியிருக்கிறது?

அப்புறம் நாங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று செய்தோம். ஷட்டரை இறக்கிய பிறகும் வாசல் விளக்கை எரியவிட்டோம். வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிக்க யாருக்கும் பிடிப்பதில்லை. ஒரு மாதத்தில் படி காலியானது. அவர்கள் திருந்தவில்லை, மார்க்கெட் பின்பக்கப் படிக்கட்டுக்கு இடம் மாறிவிட்டார்கள். அங்கே கருவாட்டுக் கடை வைத்திருப்பவர் இப்போதெல்லாம் என்னோடு பேசுவதில்லை.

வணக்கம்.