வலைப்பந்துத் திடலிலிருந்து ரக்பித் திடலுக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1998-ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஏற்று நடத்தியபோது, அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பி முதன்முறையாக அப்போட்டிகளில் இடம்பெற்றது. பெட்டாலிங் ஜெயா அரங்கில் ஜோனா லோமு இடம்பெற்ற நியூசிலாந்து அணி தங்கம் வென்றது. அன்று அதில் பெண்களுக்கென ஒரு பிரிவும் இல்லை. அதற்கு 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரில்தான் மகளிர் அணிகள் காமன்வெல்த் திடலில் இறங்கின. 16 வயதை எட்டவிருந்த மேடிசன் லெவி என்ற அந்நகரத்துப் பெண்ணின் விளையாட்டு வாழ்க்கையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ரக்பியில் அவர் தொடக்கம் முதலே ஊறியவர் அல்லர். 2020-இல் அவர் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் கோல்டு கோஸ்ட் சன்ஸ் மகளிர் அணிக்காகத் தொழில்முறையில் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே, 19 வயதில், தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக எழுவர் ரக்பி ஆடினார். அங்கே அவருடைய அணி காலிறுதியில் பீஜியிடம் 12-14 எனத் தோற்றது. 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் தங்கமும், அதே ஆண்டு கேப் டவுனில் எழுவர் உலகக் கிண்ணமும் அவ்வணிக்குக் கிடைத்தன. எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பதை டிரை என்பார்கள்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 14 டிரைகளைப் போட்டு, ஓர் ஒலிம்பிக்கில் ஒரு வீராங்கனை போட்ட டிரைகளில் புதிய சாதனையை நிறுவினார். இருந்தும் பதக்கம் கைநழுவிப் போயிற்று. வெண்கலத்துக்கான ஆட்டத்தின் கடைசி நொடியில் அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தம் பாதித் திடலிலிருந்து பந்தோடு ஓடி டிரை போட்டு, டிரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காகக் கம்பங்களுக்கிடையே உதைக்கும் உதையையும் தாமே உதைத்து, 14-12 என ஆட்டத்தை முடித்துவைத்தார். அந்த ஆண்டின் உலகச் சிறந்த எழுவர் வீராங்கனை என்ற விருது லெவிக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 22.

நம் பெற்றோர் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல, அவர் வந்த வழியை. நீச்சலிலோ சீருடற்பயிற்சியிலோ ஏழெட்டு வயதில் தொடங்காத பிள்ளைக்கு உச்சத்தை எட்டுவது அரிது. எழுவர் ரக்பி அப்படியன்று. வேறு விளையாட்டில் பழகிய உடலை 17, 18 வயதிலும் அது ஏற்றுக்கொள்கிறது. நியூசிலாந்தின் போர்ஷியா உட்மன் முதலில் வலைப்பந்து வீராங்கனை; 2012-இல் அந்நாட்டு ரக்பிச் சங்கம் திறமையாளர்களைத் தேடி நடத்திய முகாமின் வழியாக வந்தவர், பின்னர் ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் இரண்டு தங்கமும் வென்றார்.

வலைப்பந்து என்றதும் உங்களில் பலருக்குத் தமிழ்ப்பள்ளித் திடலும் மாவட்டப் போட்டிகளும் நினைவுக்கு வரக்கூடும். உடற்கல்வி ஆசிரியையாக நான் பணியாற்றிய ஆண்டுகளில், எதிரணியின் கைகளுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பறித்துவிட்டு, காலை நகர்த்தாமல் நின்ற நம் மாணவியரை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுவர் ரக்பியில் புள்ளி எடுத்த அணியே மறுபடியும் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறது. ஆகவே அந்த உயரப் பந்தை எம்பிப் பிடிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தால், எதிரணி பந்தைத் தொடாமலேயே இரண்டு மூன்று டிரைகளை வாங்கிக்கொண்டு நிற்கும். பாதிக்கு 7 நிமிடம் என 14 நிமிடமே ஓடும் ஆட்டத்தில் அது பெரும்பாலும் தோல்விதான். இப்படிப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் விளையாட்டுக் காலணியைக் கழற்றிவிடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம்.

இதில் பிழைப்பு உண்டா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1991-இல் வேல்ஸில் நடந்த முதல் மகளிர் ரக்பி உலகக் கிண்ணத்துக்கு வந்த சோவியத் அணியினர், கைச்செலவுக்குப் பணமில்லாமல், கொண்டுவந்த வோட்காவை விற்றுச் சமாளிக்கப் பார்த்தார்கள். 2019-இல் இங்கிலாந்து 28 வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் வழங்கியது. 2025-இல் அதே இங்கிலாந்து கனடாவை 33-13 என வென்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தை லண்டன் டுவிக்கனம் அரங்கில் 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பணம் ஒருசில நாடுகளில்தான் புழங்குகிறது. மலேசியாவில் ஒரு பெண் ரக்பியை மட்டும் நம்பி வாழலாம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பத்துப் பேர் ஆடும் ரக்பியை 1967-இல் உலகுக்குக் கொடுத்த கோப்ரா கழகம் பெட்டாலிங் ஜெயாவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டுக்கும் இதுதான் நிலைமை. பட்டப் படிப்போ ஒரு தொழிற்கல்வியோ கூடவே நடக்கட்டும். மாநிலங்கள் மோதும் சுக்மா விளையாட்டுப் போட்டிகளிலும் பல்கலைக்கழக அணியிலும் ஆடிக்கொண்டே அதைச் செய்ய முடியும்.

காயத்தைப் பற்றிய அச்சத்தையும் நான் சிறிதாக்கப் போவதில்லை. முழங்காலின் முன்தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் விளையாட்டாளர்களிடம் மிகுதி. அறுவை செய்துகொண்டால் திடலுக்குத் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கு மேலாகும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே இளையோர் ஆட்டத்தில் அந்தப் பிள்ளையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அன்று மறுபடியும் இறக்கக் கூடாது. ஆகவே மகளை முதல் நாள் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் அம்மாவும் அப்பாவும் பயிற்றுநரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிராளியை மறித்து வீழ்த்தும்போது தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதை எத்தனை வாரம் கற்றுத்தந்த பிறகு ஆட்டத்தில் இறக்குவீர்கள்? அடிபட்ட பிள்ளையை வெளியே எடுக்கும் முடிவு யாருடையது? இரண்டாவது கேள்விக்கு, "ஆட்டத்தின் நிலவரத்தைப் பார்த்து" என்று பதில் வந்தால், வேறு கழகத்தைத் தேடுங்கள்.