பி.இ. மெக்கானிக்கல் முடித்தாயிற்று, கம்பெனியில் எந்தத் துறையில் சேருவது?

சரி, அடுத்த கேள்வி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். இந்த வருடம் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறார். ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், மாதம் 18,000 ரூபாய். புரொடக்‌ஷனா, குவாலிட்டியா, எது வேண்டும் என்று ஹெச்.ஆர். கேட்டிருக்கிறார். “சேரலாமா, இல்லை டிசைன் வேலை கிடைக்கும் வரை காத்திருக்கலாமா? சேர்ந்தால் எந்தத் துறை அண்ணா?” என்று கேட்கிறார்.

சேருங்கள் தம்பி. இரண்டில் ஒன்று என்றால் புரொடக்‌ஷனை எடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் அந்த ஆஃபர் லெட்டரை ஒரு முறை முழுசாகப் படியுங்கள்.

படித்து முடித்தவர்களை இங்கே மூன்று வழியில் எடுக்கிறார்கள். ஒன்று ஜி.இ.டி., அதாவது கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி. கம்பெனி ரோலில், அதாவது அதன் சொந்த ஊழியர் பட்டியலில், இருப்பீர்கள், பி.எஃப். பிடிப்பார்கள், பெரும்பாலும் ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் கன்ஃபர்ம் செய்வார்கள். இரண்டாவது, 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி எடுப்பது. அந்தச் சட்டத்தில் நீங்கள் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. 2019-ல் விதியைத் திருத்தியபோது பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. ஆனாலும் அரசுச் சான்றிதழ் கிடைக்கிறது, தொழில் பழகலாம், அதனால் அதைத் தவறான வழி என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது, கான்ட்ராக்டர் பெயரில் எடுப்பது. வேலை பார்ப்பது ஒரு கம்பெனியில், லெட்டரில் இருப்பது வேறு ஒருவர் பெயர். இதில்தான் பையன்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் லெட்டர் யார் பெயரில் இருக்கிறது, கன்ஃபர்மேஷன் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். வேலை வாங்கித் தர யாராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கம்பெனி சின்னதாக இருக்கிறதே என்றும் தயங்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது, ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010-ல் வந்தது. அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சப்ளையர்கள் அந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். கார் தொழிற்சாலையில் சேருகிற புதியவர் பெரும்பாலும் அசெம்பிளி லைனில் ஒரு பகுதியைத்தான் பார்ப்பார். சப்ளையர் கம்பெனியில் கச்சாப் பொருள் உள்ளே வருவதிலிருந்து பேக் ஆகி லாரி ஏறுவது வரை ஒரே கூரைக்குள் பார்த்துவிடலாம்.

இப்போது புரொடக்‌ஷன் ஏன் என்பதற்கு வருகிறேன். ஒரு ஷாஃப்ட்டை, அதாவது மெஷினில் சுழலும் உருளைத் தண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் 25, பக்கத்தில் சின்ன எச் 6 என்று போட்டிருக்கும். விட்டம் 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கீழே 13 மைக்ரான் வரை குறையலாம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காலேஜில் இதை டேபிளைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். கிரைண்டிங் மெஷினிலிருந்து வந்த பீஸை இப்போது அளக்க வேண்டும். வெர்னியரை எடுத்தால் அதன் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர், 20 மைக்ரான். உங்களுக்குக் கொடுத்த மொத்த டாலரன்ஸே, அதாவது அனுமதித்த வித்தியாசமே, 13-தான்! சாதாரண மைக்ரோமீட்டர் 10 மைக்ரான் காட்டும், அதுவும் பத்தாது. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைப் படிக்கிற கருவி வேண்டும் என்பது தொழிலில் உள்ள வழக்கம். அதனால் மாதிரிப் பீஸோடு ஒப்பிட்டு ஒரு மைக்ரான் வரை காட்டும் கம்பேரட்டரோ, காற்றை வைத்து அளக்கும் ஏர் கேஜோதான் சரிப்படும்.

அதோடு முடியவில்லை. பீஸ் சூடாக இருக்கலாம். ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும், டாலரன்ஸில் பாதி அதிலேயே போயிற்று. சூட்டோடு அளந்து ஓகே சொன்ன பீஸ், ஆறியதும் அண்டர்சைஸ் ஆகி ரிஜெக்ட்டில் கிடக்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர் என்ன செய்கிறார் பாருங்கள். பீஸை நன்றாகத் துடைத்து, மாஸ்டருக்கு, அதாவது கருவியைச் செட் செய்யும் மாதிரிப் பீஸுக்கு, பக்கத்திலேயே வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளப்பார். அதே ஆபரேட்டர் செட்டிங்கை எப்போதும் மேல் பக்கம், 25-க்கு நெருக்கமாக வைத்திருப்பார். பெரிதாகப் போன பீஸை இன்னொரு முறை கிரைண்ட் செய்து காப்பாற்றலாம், சிறிதாகப் போனால் அது ஸ்கிராப். “ஏன் அண்ணே இப்படி வைக்கிறீங்க?” என்று பணிவாகக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பார்.

குவாலிட்டியில் உட்கார்ந்தால் இந்த ஷாஃப்ட் உங்களுக்கு ரிப்போர்ட்டில் ஒரு எண்ணாக வரும். எல்லா அளவும் மேல் பக்கமே சாய்ந்திருக்கிறதே என்று கிராஃப் காட்டும், ஏன் சாய்கிறது என்று தெரியாது. மெஷின் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும். குவாலிட்டி நல்ல துறைதான், எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு. இரண்டு வருடம் லைனில் இருந்துவிட்டு அங்கே போனால் ஆபரேட்டரும் உங்கள் பேச்சைக் கேட்பார், கஸ்டமர் ஆடிட்டிலும் தைரியமாகப் பதில் சொல்வீர்கள். டிசைனுக்கும் இதையேதான் சொல்வேன். 13 மைக்ரானைப் பிடிக்க என்ன பாடு என்று பார்த்தவர், தேவையில்லாத இடத்தில் அப்படி ஒரு டாலரன்ஸைப் போட மாட்டார். காத்திருந்து வீட்டிலேயே சாஃப்ட்வேர் கோர்ஸ் முடிப்பதால் அந்தப் பழக்கம் வராது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வரும், மூன்றாவது ஷிஃப்ட்டில் முதல் சில வாரம் தூக்கம் கெடும். நாள் முழுக்க நிற்க வேண்டும். மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று போர்டில் எழுத வேண்டும், குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஐ.டி.யில் சேர்ந்த நண்பன் உங்களைவிட அதிகம் வாங்குவான், வீட்டிலும் அதைப் பேசுவார்கள். அது வலிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். 18,000-த்தில் அறை வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. கேண்டீனும் பஸ்ஸும் கம்பெனி தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அந்த இரண்டும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஆரம்பத்தில் மெஷின் ஓட்டச் சொன்னால் ஆசையாக ஓட்டுங்கள், ஒன்றிரண்டு மாதம் ஓட்டினால்தான் தொழில் புரியும். ஆனால் ஆறு மாதம் தாண்டியும், ஆள் வராத மெஷினில் எல்லாம் உங்களையே நிறுத்துகிறார்கள், செட்டிங் தொட விடவில்லை, ரிஜெக்‌ஷன் மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை என்றால், அங்கே உங்களை இன்ஜினியராக வளர்க்கும் எண்ணம் இல்லை. மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் வேறு இடம் தேட ஆரம்பியுங்கள்.

சேர்ந்த முதல் வாரமே உங்கள் லைனில் எந்த ரிஜெக்‌ஷன் அதிகம் என்று கேட்டு, அதில் ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். எந்த ஷிஃப்ட்டில் வருகிறது, கிரைண்டிங் வீலை டிரெஸ் செய்த (மேற்பரப்பைச் சீராக்கிய) பிறகா, முன்பா, எந்த லாட் மெட்டீரியலில், எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் “என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் அந்த நோட்டில் இருப்பதைச் சொல்லலாம். சிக்ஸ் சிக்மா (தயாரிப்பில் குறைபாட்டைக் குறைக்கும் முறை) சர்டிஃபிகேட் எல்லாம் இப்போது அவசரமில்லை. டிராயிங் படிப்பதையும், அதில் வடிவத்துக்கும் இருப்பிடத்துக்கும் டாலரன்ஸ் குறிக்கும் ஜி.டி. அண்ட் டி.யையும் மட்டும் சேருவதற்கு முன்னால் ஒரு முறை தெளிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, முதல் நாளே தேவைப்படும்.

அடுத்து, ஈ.இ.இ. முடித்த ஒரு தங்கை மெயின்டனன்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்.