தவணை குறைந்தால் கடன் குறைந்ததாகுமா?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும்போதே கஷ்டகாலம் வந்து, சில தவணைகள் தவறி, கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், சரிந்துபோனவர்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்டது இதைத்தான்: “வேற இடத்துக்குக் கடனை மாத்தினா மாசத் தவணை குறையுமா சார்?”

குறையும். எதனால் குறைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் ஒரு லட்சம், வட்டி 9 சதவீதம், காலம் 20 வருடம். தவணை ஏறக்குறைய 900. ஐந்து வருடம் தவறாமல் கட்டினால் கட்டிய தொகை 54,000. அதில் அசலுக்குப் போனது 11,300 மட்டும். தொடக்கத்தில் பாக்கி பெரிதாக இருப்பதால் தவணையில் பெரும்பகுதியை வட்டியே எடுத்துக்கொள்கிறது. இப்போது பாக்கி 88,700. இன்னொரு நிறுவனம் 8 சதவீத வட்டிக்குத் தருகிறேன், மறுபடி 20 வருடம் என்கிறது. தவணை 742 ஆகிவிடும். கேட்கவே நிம்மதியாக இருக்கும். ஆனால் பழைய கடனிலேயே இருந்தால் இனிக் கட்ட வேண்டியது 1,62,000, புதியதிலோ 1,78,000. வட்டி விகிதம் குறைந்தும் 16,000 கூடுதலாகப் போகிறது. அதே கடனை மீதமுள்ள 15 வருடத்துக்கே வாங்கினால் தவணை 848, மொத்தம் சுமார் 1,52,600. லாபம் என்றால் இதுதான். பரிசீலனைக் கட்டணம், வீட்டு மதிப்பீடு, பத்திரச் செலவு, பழைய கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் இந்த லாபத்தில் கழித்துப் பாருங்கள்.

ஸ்கோர் குறைந்தவருக்கு அந்த 8 சதவீதமே எளிதில் கிடைக்காது. ஆபத்து அதிகம் என்று கருதி வட்டியைக் கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் முதலில் இப்போது கடன் கொடுத்திருப்பவரிடமே போய்க் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். தவணை நின்றுபோவதைவிட வட்டியையோ காலத்தையோ மாற்றித் தருவது அவர்களுக்கும் நல்லது. அடுத்த தவணை தவறுவதற்கு முன்பே போவது முக்கியம். தவறிய பிறகு பேச்சு கடினமாகிவிடும்.

உங்கள் கடன்களையும் கட்டிய விவரத்தையும் காட்டும் கடன் அறிக்கையை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். கட்டி முடித்த கடன் பாக்கியாகவே நிற்பது உண்டு. ரசீதோடு எழுதிக் கொடுத்தால் திருத்துவார்கள். கிரெடிட் கார்டு பாக்கியை வரம்பில் 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ எல்லாத் தவணைகளையும் நாள் தவறாமல் கட்டினால் ஸ்கோர் மெல்ல ஏறும். அதுவரை பத்து இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். விண்ணப்பித்த இடத்திலிருந்து உங்கள் கடன் விவரத்தைக் கேட்கும் ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கார்டு பாக்கியையும் கைமாற்றையும் வீட்டுக் கடனோடு சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். கார்டு கடனுக்கு வீடு ஈடு இல்லை. சேர்த்த மறுநாள் முதல் அதற்கும் உங்கள் வீடுதான் ஈடு. காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் கடன் வாங்க வேண்டாம்.

வணக்கம்.