இரண்டாம் பாகம் மட்டும் ஏன் உயரமாக இருக்கிறது? | அடுத்து எந்த ஃபேன்டஸி வரிசை?

வணக்கம். முகம் கடுகடுவென்று இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? காரணம் என் கையிலேயே இருக்கிறது. ராபின் ஹாப் எழுதிய ஃபார்சீர் என்ற ஃபேன்டஸி நாவல் வரிசை, மூன்று பாகங்கள், நேற்று மாலை பார்சலில் வந்தன. முதுகுப் பக்கத்தைக் காட்டுகிறேன், பாருங்கள். ஒன்றும் மூன்றும் ஒரே உயரம். நடுவில் நிற்கும் இரண்டாம் பாகம் மட்டும் தேர்க்கூட்டத்தில் எட்டிப் பார்ப்பவரைப் போலத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அளவுகோல் வைத்து அளந்தேன். ஒரு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். வேறு பதிப்பு. அட்டைப்படமும் வேறு.

'ஒரே செட்' என்று சொல்லித்தான் விற்றார்கள். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. போன் செய்தால், "உள்ளே இருக்கும் கதை அதேதானே மேடம்?" என்கிறார் அந்தத் தம்பி. ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்று ஏழாம் நம்பர், மற்றது எட்டாம் நம்பர். இரண்டும் தோல்தானே என்றால் போட்டுக்கொண்டு நடப்பீர்களா? என் அலமாரியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சினிமா போஸ்டரை அட்டையாகப் போட்ட பதிப்பைக்கூட உள்ளே விடாதவள் நான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் பின்னட்டையில் 599 ரூபாய் என்று விலை ஸ்டிக்கர். அதன் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, நகத்தால் நெருடினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். 499! நூறு ரூபாயை ஒரு துண்டுக் காகிதத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டையும் கிழிக்காமல் எடுத்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஹேர் டிரையரில் சூடு காட்டினேன். பிசின் இளகி இழுத்துக்கொண்டு வந்ததே தவிர, விடவில்லை. பிறகு பஞ்சில் ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அதை ஓரமாகத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். வழவழப்பான அட்டைக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். சாதாரணக் காகிதத்தில் செய்தால் கறை பிடித்துவிடும், பிறகு என்னைத் திட்டாதீர்கள். பத்து நிமிடம் கழித்து மூலையைப் பிடித்து இழுத்தேன். வாழைப்பழத் தோல் உரிவதுபோல முழுசாக வந்தது. ஆஹா! இந்த வருடம் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டையும் டைரியில் ஒட்டப் பார்த்தேன், எண்ணெய் பட்டதால் ஒட்டவில்லை.

சரி, அடுத்து எதைப் படிப்பது? என் விதி பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும்: முடியாத வரிசையைத் தொடமாட்டேன். 'கிங்கில்லர்' வரிசையில் பேட்ரிக் ராத்ஃபஸ் கொடுத்த காயம் அது. முதல் பாகம் 2007, இரண்டாவது 2011, மூன்றாவது இன்னும் வரவில்லை. அந்த வீடியோவில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதும் ஜார்ஜ் மார்ட்டினும் அதே 2011-இல் ஐந்தாம் பாகத்தைக் கொடுத்துவிட்டு ஆறாவதுக்கு நம்மைக் காக்க வைத்திருக்கிறார். இனி யாருக்காகவும் வாசலில் உட்கார்ந்திருப்பதாக இல்லை.

'வீல் ஆஃப் டைம் முடிந்த வரிசைதானே, அதைப் படி' என்று உங்களில் பலர் விடாமல் சொல்கிறீர்கள். முடிந்ததுதான், ஆனால் எப்படி முடிந்தது? ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கினார், 2007-இல் காலமானார். அவருடைய குறிப்புகளை வைத்து முடித்துக் கொடுக்கும்படி, அவர் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட், பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைக் கேட்டுக்கொண்டார். ஒரே புத்தகமாக வர வேண்டிய முடிவு மூன்றாகப் பெருத்து, 2013-இல்தான் கதை நிறைந்தது. மொத்தம் 14 பாகங்கள், தவிர ஒரு முன்கதை. சுமார் 44 லட்சம் சொற்கள்! நாளைக்கு ஐம்பது பக்கம் என்ற என் வேகத்தில் ஏழெட்டு மாதம் ஓடிவிடும். அதிலும் பத்தாம் பாகத்தில் கதை நகரவே இல்லை என்று அதன் பக்தர்களே புலம்புகிறார்கள். மன்னிக்கவும், எனக்கு அந்தப் பக்தி வராது.

ஸ்டீவன் எரிக்சனின் மலாசான் வரிசையும் பத்து பாகங்களோடு 2011-இல் முடிந்துவிட்டது. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் ஓடி வந்துவிட்டேன். தெரியாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததைப் போல இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், நமக்குத்தான் 'இவர் பெண்ணின் சித்தப்பா' என்று சொல்ல ஆள் இல்லை. மூன்றாவது முறை... ஓ, மறந்தே போனேன், அந்தக் கடைத் தம்பி கடைசியில் ஐம்பது ரூபாய்க்குக் கூப்பன் தருவதாகச் சொன்னார். அவர்களிடமே மறுபடி வாங்கினால்தான் செல்லுமாம். எப்படி இருக்கிறது கதை!

ஆக, ஃபார்சீர். 1995-இல் தொடங்கியது. அந்த உலகத்தில் ஹாப் 2017 வரை 16 நாவல்கள் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த மூன்றும் ஒரு கதையாகத் தனியே முடிந்துவிடுகிறது, அதனால் பயமில்லை. நேற்று இரவே முதல் அத்தியாயம் படித்தேன். ஆறு வயதுப் பையனைத் தாத்தா ஒரு கோட்டை வாசலுக்கு இழுத்து வருகிறார். 'இவன் உங்கள் இளவரசன் பெற்ற பிள்ளை, இனி நீங்களே சோறு போடுங்கள்' என்கிற மாதிரி விட்டுவிட்டுப் போகிறார். பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அங்கே யாரும் இல்லை. குதிரை லாயத்தில் நாய்களோடு நாயாக ஒண்டிக்கொண்டு தூங்குகிறான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்படியானால் அதுதானா என்கிறீர்களா? இல்லை. இதைச் சொல்ல விட்டுவிட்டேன். போன வாரம் என் அக்கா ஒன்றைக் கொடுத்திருந்தாள். உர்சுலா கே. லெ க்வினின் எர்த்சீ புத்தகங்கள் ஆறும், கூடவே சில கதைகளும் அடங்கிய பெரும்பதிப்பு. சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு 2018-இல் வந்தது. லெ க்வின் அதே வருடம் ஜனவரியில் மறைந்தார், அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கு உடையும் கனம். ஆனால் ஆறும் ஒரே அட்டைக்குள்! உயரச் சண்டைக்கே இடமில்லை.

தொடக்கத்தில் ஓர் ஆட்டுக்காரப் பையன். கூரைமேல் ஏறிய ஆட்டை அவன் பெரியம்மா ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறாள், அது குதித்து வந்துவிடுகிறது. மறுநாள் இவனும் அதையே சொல்லிப் பார்க்கிறான். மொத்த மந்தையும் சத்தமே போடாமல் வந்து அவனை நெருக்கிச் சூழ்ந்துகொள்கிறது, விலகவே மாட்டேன் என்கிறது. பயந்து ஓடுகிறான், ஆடுகளும் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. மந்திரத்தை இப்படி அல்லவா காட்ட வேண்டும்! விரலில் நெருப்பு, வானத்தில் மின்னல் எல்லாம் யாரும் எழுதலாம். அவன் செம்பழுப்பு நிறத்தவன் என்று லெ க்வின் தெளிவாக எழுதியிருந்தும், பல அட்டைகளில் வெள்ளைக்காரனாகவே வரைந்தார்கள். அவர் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. நானும்தான்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1968-இல் தொடங்கி 1972-இல் மூன்று பாகங்களோடு முடிந்த கதை இது. என் விதிப்படி உத்தமம். பதினெட்டு வருடம் கழித்து, 1990-இல் நான்காவதாக 'தெஹானு' வருகிறது, 'எர்த்சீயின் கடைசிப் புத்தகம்' என்ற துணைத்தலைப்போடு. பிறகு 2001-இல் இன்னும் இரண்டு! கடைசி என்று எழுதிக் கொடுத்த பிறகும் கடைசி இல்லையென்றால் என் விதியை எங்கே கொண்டு வைப்பது?

வைத்த இடத்தில் இருக்கட்டும். எர்த்சீதான் முதலில், ஃபார்சீர் பிறகு. பொங்கலுக்குள் திருப்பித் தர வேண்டும், பக்க மூலையை மடக்கினால் அக்கா என்னோடு பேசமாட்டாள். தொடங்கிய தேதியைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதும் என் பழக்கமும் அவளுடைய புத்தகத்தில் நடக்காது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அந்த 499 ஸ்டிக்கர் இருக்கிறதே, அதன் பின்னால் தேதி எழுதி, ஆடுகள் வரும் பக்கத்திலேயே அடையாளத்துக்கு வைத்து மூடியிருக்...

எண்ணெய்.

ஒரு நிமிடம், இருங்கள். கேமராவை அணைக்கிறேன்.