கால்சியம் என்னும் மதகு

வணக்கம் நேயர்களே.

அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடும் காலம். கிடையில் சினை ஆடு குட்டி வீசினால் காரணம் பல இருக்கலாம். அவற்றில் ஒன்று டாக்ஸோபிளாஸ்மா. பூனைச் சாணத்தில் வெளியேறி, தீவனம், தண்ணீர் வழியாக ஆட்டுக்குள் போகும் ஒட்டுண்ணி இது. உடலுக்குள் வேகமாகப் பெருகும் நிலையில் இதன் நீளம் சுமார் 6 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் 150 நிற்கலாம்.

பல கிருமிகளை நம் செல்லே விழுங்கிக்கொள்ளும். இது அப்படியல்ல, தன் பலத்தில் அரை நிமிடத்துக்குள் புகுந்துவிடும். அந்த வேலையைத் தொடங்கிவைப்பது கால்சியம்.

கல்லணையில் மேலே தண்ணீர் நிற்க, மதகு இறங்கியிருக்கும்போது வாய்க்கால் எப்படி இருக்கும்? ஒட்டுண்ணியின் உட்சாறும் அப்படித்தான். வெளியே இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அங்கே உண்டு. மிச்சத்தை உள்ளேயே தனிப் பைகளில் அடைத்து வைத்திருக்கிறது. குடியிருந்த செல் உடைந்ததும் சுற்றிலும் பொட்டாசியம் சட்டென்று குறைகிறது. அந்த மாற்றம் ஒட்டுண்ணிக்குள் சில நொதிகளை முடுக்க, பைகளின் மதகு திறந்து கால்சியம் பாய்கிறது.

பாய்ந்த கால்சியம் சிடிபிகே-1 என்ற நொதியை எழுப்புகிறது. உடனே ஒட்டுண்ணியின் முனையிலுள்ள மைக்ரோநீம் பைகள் பசைப் புரதங்களை மேற்பரப்பில் கொட்டுகின்றன. அவற்றைப் பிடிமானமாக வைத்து, தோலுக்கடியில் உள்ள மயோசின் என்ற புரத மோட்டார் உடலை முன்னே தள்ளும். அடுத்து ராப்ட்ரி என்ற இன்னொரு பை, ஆர்ஓஎன்-2 புரதத்தை நம் செல்லின் சவ்வில் பதிக்கிறது. ஒட்டுண்ணியின் ஏஎம்ஏ-1 என்ற புரதம் அதைக் கவ்வ, ஒரு வளையம் உருவாகிறது. தான் நுழையும் பூட்டைத் தானே கொண்டுவந்து மாட்டும் வேலை இது! வளையத்தின் வழியே நுழையும்போது நுண்ணோக்கியில் பார்த்தால், உடல் நடுவில் இறுகி உடுக்கை போலத் தெரியும்.

மதகு நேரம் தப்பித் திறந்தால் காரியம் கெடும். ஏ23187 என்ற மருந்தால் கால்சியத்தை முன்கூட்டியே ஏற்றினால், அருகில் செல் இல்லாதபோதே பசை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு செல் கிடைத்தாலும் நுழையும் திறன் குன்றிவிடும்.

சிடிபிகே வகை நொதிகள் நெற்பயிரில் உண்டு. ஆட்டிலும் மனிதரிலும் இல்லை. அதனால்தான் மருந்து ஆய்வாளர்கள் இதைக் குறிவைக்கிறார்கள்.

இதைக் கேட்டு யாரும் சினை ஆட்டுக்குத் தாது உப்பை நிறுத்திவிட வேண்டாம். இரத்தத்தில் கால்சியத்தை உடலே சமன் செய்துகொள்ளும். ஒட்டுண்ணி தன் கையிருப்பில்தான் நுழைவைத் தொடங்குகிறது. தீவன மூட்டையில் பூனை படுக்காமல் மூடி வையுங்கள். பூனைச் சாணத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். வெளியேறிய முதல் நாளில் அது தொற்றாது, ஈர மண்ணில் கிடந்து முதிர்ந்தால் ஓராண்டுக்கு மேலும் வீரியம் போகாது. வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். கர்ப்பிணிகள் அதன் பக்கம் போகவே கூடாது.