சொந்தப் பாட்டிலும் தப்பு உண்டு

குன்னூரில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: மாணவக் கலைஞர்களுக்குப் பேர் வாங்கித் தருவது மரபிசையா, சொந்தப் பாட்டா? 'சொந்தப் பாட்டே' அணியின் கடைசிப் பேச்சு.

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், கம்பளிக்குள்ள இருந்து மூக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் சொல்றதுலயே ரெண்டு நிமிஷத்தைக் கரைக்க எனக்கு மனசு வரல. எதிரணி ஐயாவுக்கு வந்துச்சு.

நடுவர் ஐயா, பேச வேண்டியதை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொண்டுவந்தேன். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நம்பர் போட்டு. ஆனா எனக்கு முன்னாடி பேசின பேராசிரியர் ஐயா ஒரு வார்த்தை விட்டாரு பாருங்க. "சொந்தப் பாட்டுல தப்பே வராது நடுவர் அவர்களே! ஏன்னா எது சரின்னு பாடுறவங்களுக்கே தெரியாது!" நீங்க சிரிச்சீங்க. சரி, நீங்க சிரிக்கத்தான் வந்திருக்கீங்க. என் சொந்த அணியும் சிரிச்சுது. நான் பார்த்தேன். அதோட விட்டாரா? நான் அடிக்கிற பறைக்குத் தப்புன்னும் ஒரு பேரு உண்டு. என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு தப்பு அடிக்குது. சரியா அடிச்சாலும் தப்புதான், தப்பா அடிச்சாலும் தப்புதான்"ன்னாரு.

அப்பவே தாளை மடிச்சுப் பைக்குள்ள வச்சிட்டேன். எட்டுப் பாயிண்டும் போகட்டும். ஐயாவுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

ஐயா, நான் பி.காம். ரெண்டாம் வருஷம். ஊரு கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டு. காலையில ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சு ஊட்டிக்குப் போகணும். ஒரு தோள்ல காலேஜ் பை, ஒரு தோள்ல தப்பு. முதல் நாள் கண்டக்டர் அண்ணன் தப்பை மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கேட்டாரு: "பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லம்மா. இது ஆம்பளையா, பொம்பளையா?" அன்னிக்கு ராத்திரியே அம்மாவோட பழைய சுடிதாரைக் கிழிச்சு தப்புக்கு உறை தச்சேன். அதுல இருந்து அவரு கேக்கறதே இல்ல.

காலேஜ்ல அடிச்சுப் பழகினா, "எலெக்‌ஷன் வந்திருச்சா?"ம்பாங்க. வீட்டுல அடிச்சா பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யாருடி செத்தது?"ம்பாங்க. கச்சேரிக்குப் போனா வருகைப்பதிவு போகும். 75 சதவீதம் இல்லேன்னா பரீட்சை எழுதறதுல சிக்கல். நான் இப்ப 76-ல நிக்கறேன். இன்னிக்கு விடுமுறைங்கிறதாலதான் இந்த மேடைக்கே வந்தேன்.

மரபு, மரபுன்னு நாலு பேரு பேசினாங்க. மரபை எனக்குப் பிடிக்காதுன்னு யாரு சொன்னா? எனக்குத் தப்பு சொல்லிக்குடுத்த அண்ணன் முதல்ல அடிகளோட பேரைத்தான் மனப்பாடம் பண்ண வச்சாரு. ஒத்தையடி, மாரடி, வாழ்த்தடி, சாமிச்சாத்து அடி... அந்த வரிசையில 'சினிமா அடி'ன்னு ஒண்ணு வரும் நடுவர் ஐயா! பறை, தொல்காப்பியத்துலயே இருக்கிற கருவி. ஒத்துக்கறேன். ஆனா தொல்காப்பியர் எந்தத் தியேட்டர்ல படம் பார்த்தாரு? எவனோ ஒரு கலைஞன் டென்ட் கொட்டகைக்குப் போய்ட்டு வந்து சொந்தமா ஒண்ணு போட்டிருக்கான். இன்னிக்கு அது மரபாம், அதைப் பாடமா நடத்துறாங்க!

அட, அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம தோடர் மந்துக்கு, அதான் தோடர் பழங்குடி ஊருக்கு வாங்க. எமனோன்னு ஒரு மொழியறிஞர் 1930-கள்ல இந்த மலையில வந்து தங்கித் தோடர் பாட்டுகளைக் காது குடுத்துக் கேட்டாரு. 1971-ல பெரிய புத்தகமாவே போட்டாரு. அதுல என்ன தெரியுதுன்னா, கல்யாணமோ சாவோ எருமையோ, எது நடந்தாலும் அங்க அப்பவே அதுக்குப் புதுப் பாட்டுக் கட்டிருவாங்க. சொற்கள் ஜோடி ஜோடியா வரணும், அதுதான் பழைய கணக்கு. பாட்டு அன்னிக்குப் பொறந்தது. ஐயா, அவங்களுக்குச் சொந்தப் பாட்டுக் கட்டறதுதான் மரபே! இது என் எட்டுல மூணாவது பாயிண்ட். பையில இருந்து தானா எட்டிப் பார்த்திருச்சு, மன்னிச்சுக்கோங்க.

இப்ப தப்புக்கு வரேன். தப்பு தோல் கருவி. தோலுக்கும் நம்ம மலைக்கும் ஜென்மப் பகை. இந்தக் குன்னூரே 1,850 மீட்டர் உயரம், மேகம் நேரா வீட்டுக்குள்ள வந்து உட்காரும். தோலு ஈரத்தைக் குடிக்கும், குடிச்சாத் தொய்ஞ்சு போகும். 'டங்கு'ன்னு பேச வேண்டியது 'பொத்து'ன்னு தும்மும். நெருப்பு மூட்டிக் காய்ச்சினாத்தான் மறுபடி குரல் வரும்.

போன கார்த்திகை மாசம். இதே குன்னூர்ல ஒரு மண்டபம். கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை எங்க எஸ்டேட்டு, அதனால எங்க எஸ்டேட் லைன் வீட்டு ஜனமே திரண்டு வந்திருச்சு. நாங்க அஞ்சு பேரு. தப்பு ரெண்டு, கீபோர்டு ஒண்ணு, கிடார் ஒண்ணு, பாட ஒரு பொண்ணு. பேசின தொகை 4,000. பொண்ணோட தாய்மாமன் கறாரா சொல்லிட்டாரு: "கிராமிய இசை மட்டும்தான். சொந்தப் பாட்டு, கிந்தப் பாட்டுன்னு ஆரம்பிச்சீங்க, சாப்பாடு கூடக் கிடையாது." எதிரணிக்கு அவரைத் தலைவரா வச்சிருக்கணும் ஐயா.

வெளிய மழை. தப்பைத் தட்டினேன். பொத்து. இன்னொண்ணைத் தட்டினேன். அது அதைவிடப் பொத்து. மண்டபத்துக்குள்ள நெருப்பு வைக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வெளிய போய்ப் பேப்பரைக் கொளுத்தினா, நெருப்பு வரல, புகைதான் வருது. வந்த சொந்தக்காரங்க எல்லாம் இருமிக்கிட்டே உள்ள போறாங்க. மேடைக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு. அப்பத்தான் மாடியில இருந்து ஒரு சத்தம். உய்ய்ய்ங்...

ஹேர் டிரையர்!

மணப்பெண் ரூம். பியூட்டி பார்லர் அக்கா பொண்ணுக்குத் தலை காய வச்சிக்கிட்டு இருக்காங்க. நான் கதவைத் தட்டி, "அக்கா, அஞ்சு நிமிஷம் அதைக் குடுங்கக்கா"ன்னேன். அவங்க என் தலையைப் பார்த்தாங்க. "உனக்கா?" "இல்லக்கா, தப்புக்கு." அந்தக்கா அப்படியே கையை நிறுத்திட்டு, "என்னம்மா தப்புப் பண்ணின?"ன்னாங்க.

பின்வரிசையில கேக்கலையாம். மறுபடி சொல்றேன். "தப்புக்கு வேணும்க்கா." "எந்தத் தப்புக்கும்மா? வீட்டுல தெரியுமா?"

அந்தக்கா நிஜமா கேட்டது நான் முதல்ல சொன்னது மட்டும்தான். 'வீட்டுல தெரியுமா' நான் இப்பச் சேர்த்தது. பட்டிமன்றம்னா ஒரு டிகாக்‌ஷன் கூடத்தான் இருக்கும்.

கடைசியில மணப்பெண்ணே, "பாவம், குடுங்கக்கா"ன்னு சொல்லிருச்சு. ஒப்பந்தம் என்னன்னா, ஒரு நிமிஷம் பொண்ணு தலைக்கு, ஒரு நிமிஷம் தப்புக்கு. தலைக்கு, தப்புக்கு. தலைக்கு, தப்புக்கு. இந்த நேரம் பார்த்து பொண்ணோட அம்மா கதவைத் திறக்கறாங்க. உள்ள பார்த்தா, மணப்பெண் ஈரத்தலையோட ஓரமா உட்கார்ந்திருக்கு, மேக்கப் நாற்காலியில மாட்டுத்தோலு ஜம்முன்னு உட்கார்ந்து டிரையர் வாங்கிக்கிட்டு இருக்கு! அந்தம்மா ஒண்ணுமே சொல்லல. கதவை மெதுவா சாத்திட்டுப் போய்ட்டாங்க.

நல்லாக் கேட்டுக்கோங்க ஐயா. தோலைக் காய்ச்சணும்ங்கிறது மரபு. ஹேர் டிரையர் எங்க சொந்தம்!

தப்பு டங்குன்னுச்சு. மேடை ஏறினோம். மேல டிரையர் இன்னும் ஓடுது, கீழ ரெண்டு ஹீட்டர், சீரியல் செட்டு, எங்க கீபோர்டு. டப்புனு எல்லாம் அணைஞ்சுது. மைக் இல்ல. கீபோர்டு செத்துப்போச்சு. டிரையரும் அதோட மண்டையைப் போட்டுது. அதுக்கு நாங்க 1,200 ரூபா கட்டினோம், மீதியைப் பிரிச்சா ஆளுக்கு 560. ஜெனரேட்டர் போடற அண்ணன் பந்தியில பாயசத்துல இருக்காரு. இருட்டுல சூடா இருந்தது ரெண்டே ரெண்டு தப்புதான். அடிச்சோம். ஆடினாங்க. பத்து நிமிஷத்துல தெரிஞ்சதெல்லாம் தீர்ந்துபோச்சு, மத்ததை எல்லாம் கீபோர்டோட சேர்த்துத்தான் பழகியிருந்தோம். கரண்ட் வரல. குழந்தைங்க அழுவுது. தாய்மாமன் இருட்டுல தடவிக்கிட்டே வந்து, "ஏம்மா, எதையாவது பாடும்மா!"ன்னாரு. "சொந்தப் பாட்டுதான் இருக்கு மாமா." "எந்தக் கழுதையா இருந்தாலும் பரவால்ல, பாடு!"

நான் பாடினேன். அது எங்க அம்மாயி, அதான் அம்மாவோட அம்மா, அவங்களைப் பத்தி நான் எழுதின பாட்டு.

எங்க அம்மாயி லயத்துல பொறந்தவ. சிலோன்ல லைன் வீட்டுக்கு லயம்னுதான் பேரு. லயத்துல பொறந்தவளோட பேத்திக்கு லயம் தெரியாதுன்னு பேராசிரியர் ஐயா நினைச்சிட்டாரு, போகட்டும். 1964-ல இந்தியா, சிலோன் ரெண்டு நாட்டுப் பெரிய மனுஷங்களும் டெல்லியில உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு கணக்கு. ஆளுங்களைக் கொழுந்து மாதிரி நிறுத்துப் பிரிச்சாங்க. அதுல ஒருத்தி எங்க அம்மாயி. 1974-ல 19 வயசு. அட்டன்ல ரயிலேறி, தலைமன்னார்ல கப்பலேறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்து அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல கூடையை மாட்டினா. அங்க விட்டுட்டு வந்த கூடைதான், இங்க பேரு மட்டும் வேற.

பாட்டுல ரெண்டாவது அடி இப்படி வச்சிருந்தேன்: 'ரயிலு கூவுதடி, மலையிறங்கிப் போகுதடி'. எனக்கு ரொம்பப் பிடிச்ச அடி. மேட்டுப்பாளையம் ரயிலை மனசுல வச்சுக்கிட்டு எழுதினது. அதைப் பாடினேன். பாடி முடிக்கல. இருட்டுக்குள்ள இருந்து ஒரு குரல்.

"ஏ புள்ள! தப்பு!"

எல்லாரும் சிரிச்சாங்க. தப்பு அடிக்கச் சொல்லுதுன்னு நினைச்சு என் கூட்டாளி நாலு தட்டுத் தட்டினான். "அடிக்கறத நிறுத்துடா! பாட்டுத் தப்புங்கறேன்!" எங்க அம்மாயிதான். "ரயிலு இல்லடி. எங்க ஊர்ல அதுக்குப் பேரு கோச்சி. கோச்சி கூவுச்சா இல்லியான்னு எவளுக்குத் தெரியும்? நாங்க அழுத சத்தத்துல அது கூவினது யாரு காதுல விழுந்துச்சு?"

மண்டபமே அமைதியாயிருச்சு நடுவர் ஐயா. அப்புறம் இன்னொரு மூலையில இருந்து ஒரு பாட்டி: "எங்க கோச்சி பதுளையில இருந்து வந்துச்சு." பந்தியில இருந்து ஒரு தாத்தா: "அழுகைக் கோச்சிம்பாங்க அதை." இன்னொருத்தர்: "எங்கம்மா பிளாட்பாரத்துலயே நின்னுட்டா, அவளுக்குக் காயிதம் வரல." ஒவ்வொருத்தரா இருட்டுக்குள்ள பேசறாங்க. எங்க லைன்ல இத்தனை வருஷம் குடியிருக்கேன், இதுல ஒண்ணைக் கூட நான் கேட்டதில்ல. வெளிச்சத்துல யாரும் சொன்னதில்ல. கரண்ட் வந்தப்ப தாய்மாமன் கண்ணைத் துடைச்சிக்கிட்டு, "புகை"ன்னாரு. எந்தப் புகை? பேப்பர் அணைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு.

இது எதிரணிக்குச் சாதகமான கதைன்னு எங்க அணித்தலைவர் என்னை முறைக்கறாரு. பாட்டி சொன்ன வார்த்தைதானே மரபுன்னு அந்தப் பக்கம் எழுதிக்கறாங்க. எழுதிக்கோங்க. எனக்குத் தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் சரி. பேராசிரியர் ஐயா சொன்னது ஒண்ணு நிஜம், எது சரின்னு பாடின எனக்குத் தெரியல. யாரைப் பத்திப் பாடினேனோ அவங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரு கீர்த்தனையில சங்கதி பிசகினா ஐயா கண்டுபிடிச்சிருவாரு, அதுக்குப் படிச்சிருக்காரு. எழுதப் படிக்கத் தெரியாத எங்க அம்மாயி, ஒரு காது கேக்காத எங்க அம்மாயி, இருட்டுல உட்கார்ந்து என் பாட்டுல தப்புக் கண்டுபிடிச்சா ஐயா. ஐம்பது வருஷமா அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கக் காத்துக்கிட்டு இருந்த மாதிரி கண்டுபிடிச்சா.

மணி அடிச்சிட்டீங்க, கேட்டுச்சு. அதோ, மூணாவது வரிசையில பச்சைச் சால்வை, மடியில வெத்தலைப் பை. அதான் அம்மாயி. திருத்தின அடியை ஒரு தடவை பாடிட்டுப் போறேன். கூட்டாளி, தப்பை எடு. அம்மாயி, தப்பு இருந்தா எழுந்திரிச்சு சொல்லு.

கோச்சி கூவினது யாரு கேட்டா – எங்க
கூட்டம் அழுத சத்தத்துல...