பென்சிலில் எழுதிய வரி

நேயர்களுக்கு வணக்கம். நான் எழுத்தாளனும் இல்லை, மேடைப் பேச்சாளனும் இல்லை. கோபிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியே காலத்தை ஓட்டியவன். சாவு நடந்த 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. எழவு வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு மச்சினனோ பங்காளியோ வந்து நிற்பார். பேர், தகப்பன் பேர், வயசு, ஊர், காரணம். பத்து நிமிஷ வேலை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நண்பர் பவானிசாகர் முகாமுக்குக் கூட்டிப்போனார். அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று 2021இல் அரசு மாற்றிவிட்டது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து, இலங்கைப் போரில் விமானக் குண்டுக்குப் பலியான சொந்தக்காரர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னையும் உட்கார வைத்தார்கள். எனக்குப் பழகிய அதே கட்டங்கள்தான். ஆனால் ஒரு பேர் எழுத ஒரு பகல் ஆனது.

முதல் நாள் வந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். இங்கே இருந்து இருந்து ‘வாங்க, சொல்லுங்க’ எல்லாம் நம்மைப் போலவே வருகிறது. அந்த நாளைத் தொட்டதும் யாழ்ப்பாணப் பேச்சு திரும்பிவிட்டது.

“ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐயா. திகதி ஞாபகமில்லை. கோயில் முழுக்கச் சனம். நான் தண்ணி அள்ளப் போனனான்.”

கோயில் என்று அவர் சொன்னது, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், சண்டைக்குப் பயந்து சனம் தஞ்சம் புகுந்திருந்த நவாலி தேவாலயத்தை. பின்னேரம் என்றால் நாம் சொல்கிற பொழுதோட. வீட்டுக்கு வந்து நாள் பார்த்தேன். 1995 ஜூலை 9, ஞாயிறுதான். அந்தக் குண்டுவீச்சைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கம் அப்போது வெளியிட்ட அறிக்கையில் மாலை நாலரை மணி என்று இருக்கிறது. சரி, நாளும் பொழுதும் பொருந்திவிட்டன.

அதே அறிக்கை இறந்தவர்கள் 65 என்றது. இடிபாட்டுக்குள் இன்னும் உடல்கள் கிடந்த நேரம் அது. பிறகு வந்த கணக்குகள் நூற்றிருபதைத் தாண்டின, 147 என்றும் ஒன்று உண்டு. இப்படி எண் மாறினால், பார்த்தீர்களா, கதை கட்டுகிறார்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பும். பதிவேடு எழுதியவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரியில் மறுநாள் போன உயிர், உறவுக்காரர் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்ட உடல், எல்லாம் பிந்தித்தான் ஏட்டுக்கு வரும். அறுபத்தைந்தும் பொய்யில்லை. அது அந்த நேரத்துக் கணக்கு.

விமானத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கம்பெனி பஸ் வருகிறதென்று நாம் ஹாரனை வைத்தே சொல்வதில்லையா, அந்த மாதிரி அவர்களுக்கு விமானம். சகடை, சியாமாசெட்டி, புக்காரா, கிபிர். நவாலியில் கிபிர் அடித்ததாக ஒரு பெரியவர் சொன்னார். கிபிர் இலங்கைக்கு வந்ததே 1996இல்தான். அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் கேட்ட சத்தம் முன்னால் நடந்ததோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, சாவை எழுதிக்கொண்டோம். குண்டு போட்டது யார் என்பதில் பெரிய வழக்கு கிடையாது. புலிகளின் முதல் வான்தாக்குதல் 2007 மார்ச்சில்தான், நவாலி நாளில் வானம் இலங்கை விமானப்படையின் கையில்தான். செத்தவர் பொதுசனமா, போராளியா என்பதில்தான் சண்டையே. அதற்கு எண் பதில் சொல்லாது. நாலாம் வகுப்புப் படித்த பிள்ளை என்று எழுதியிருந்தால் அந்த வரி பதில் சொல்லும்.

நம் பக்கத்து மொய் நோட்டைப் பாருங்கள். வெறும் பழனிசாமி என்று யாராவது எழுதுவார்களா? ஊரில் பத்துப் பழனிசாமி இருப்பார்கள். ஊர், தகப்பன் பேர், எந்தத் தோட்டம் என்று போட்டால்தான் நாளைக்குத் திருப்பிச் செய்ய முடியும். நூறு ரூபாய்க்கே அந்தப் பக்குவம் நமக்கு இருக்கிறது.

அந்தப் பக்குவம் ஒரு நாள் வம்பில் கொண்டுபோய் விட்டது. தாய் சொன்ன பையனும், சித்தப்பா சொன்ன பையனும் தனித்தனி வரியில் இருந்தார்கள். வயசு ஒன்று, ஊர் ஒன்று, தகப்பன் பேரும் ஒன்று. ஒன்று வீட்டுப் பேர், மற்றது பள்ளிக்கூடத்துப் பேர். விசாரித்து ஒரு வரியை அடித்தேன். பக்கத்தில் இருந்த இளைஞர் எழுந்துவிட்டார். “செத்த ஆளையே குறைக்கிறீங்களே, நீங்க யார் பக்கம்?” அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அடித்தது அடித்ததுதான். போஸ்னியப் போர் முடிந்தபோது இரண்டு லட்சம் பேர் செத்தார்கள் என்பது வழக்கமான பேச்சு. அந்நாட்டுத் தலைநகர் சரயேவோவில் ஓர் ஆவண மையம் வருஷக்கணக்காக ஒவ்வொரு பேராக எழுதியபோது ஒரு லட்சத்துக்குக் கீழேதான் வந்தது. அங்கேயும் திட்டினார்கள். இன்று அந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்துக் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.

பேர் இல்லாமல் எண் மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கைப் போர் முடிந்த 2009 போதும். 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை செத்தவர்கள் 7,721 பேர் என்று ஐ.நா. ஊழியர்கள் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், அன்றைக்கு வெளியே விடவில்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் இன்னோர் உள் ஆய்வு, எழுபதாயிரம் பேருக்கு மேல் என்ன ஆனார்கள் என்றே கணக்கில்லை என்றது. ஏழாயிரத்துக்கும் எழுபதாயிரத்துக்கும் நடுவில் எத்தனை வீடு இருக்கிறதென்று யோசித்துப் பார்க்கிறேன், தலை சுற்றுகிறது.

நவாலி அம்மாவிடம் எழுதியதை வாசித்துக் காட்டினேன். மகள் பேர், தமக்கை பேர் இரண்டும் சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு பொடியன் ஐயா. எங்களுக்குப் பக்கத்திலதான் பாய் விரிச்சிருந்தவை. ஒருத்தரும் மிஞ்சேல்ல” என்றார். பேர் தெரியாது. உறுதியாகாததைப் பென்சிலில் எழுதுவது எங்கள் வழக்கம். சொன்னவர் என்ற கட்டத்தில் அந்த அம்மாவின் பேரைப் போட்டேன்.

ஆறு வருஷமாக அந்த வரி பென்சிலிலேயே இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நவாலியில் இருந்தவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கடிதம் போடுங்கள். பையனுக்கு ஏழு, எட்டு வயசு. மேல் வரிசையில் முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது. தகப்பன் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.

வணக்கம்.